31-லிருந்து 512 வரை: தூரத்திலிருந்து எறியக் கற்ற ஒரு சென்டர்

இந்த ஆய்வில் வரும் சென்டருக்கும் (கூடைப்பந்தில் வழக்கமாக வளையத்தடியில் ஆடும் மிக உயரமான ஆள்) அவருடைய பயிற்சியாளர்களுக்கும் சக வீரர்களுக்கும் பெயர் போடவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஆள் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். எண்கள் எல்லாம் பொதுவெளியில் இருப்பவைதான். ஆனால் பெயரைச் சொன்னதும் பேச்சு 'அவர் பெரிய ஆட்டக்காரரா, இல்லையா' என்று திரும்பிவிடுகிறது. எட்டு ஆண்டுகள் ஒரே மாதிரி ஆடிய 7 அடி மனிதரை ஏன் மாற்றினார்கள், மாற்றிய உடனே அணிக்கு ஏன் பலன் கிடைக்கவில்லை, பிறகு வேறொரு ஊரில் ஏன் கிடைத்தது என்பதைத்தான் நான் பேச நினைக்கிறேன்.

பின்னணி

புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2008 டிராஃப்டில் 10-வது ஆளாக நியூ ஜெர்சி நெட்ஸ் இவரை எடுத்தது. 2012-ல் அணி புரூக்ளினுக்கு இடம்பெயர்ந்தபோது இவரும் கூடவே போனார். ஆட்டம் பழைய பாணி: வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார், பந்தை வாங்குவார், தோளால் இடம் பிடிப்பார், திரும்பி மென்மையாகப் போடுவார். அதை நன்றாகவே செய்தார். 2010-11-ல் ஆட்டத்துக்கு 20.4 புள்ளி எடுத்தார், 2013-ல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். பாதத்தில் ஏற்பட்ட எலும்பு முறிவுகள் மட்டும் விடாமல் துரத்தின. 2011-12-ல் 5 ஆட்டம், 2013-14-ல் 17 ஆட்டம். அவ்வளவுதான் ஆட முடிந்தது.

முதல் எட்டு சீசன்களில் இவர் எறிந்த மூன்று புள்ளி ஷாட்டுகள் மொத்தம் 31. விழுந்தவை 3.

அன்று அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-ல். அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. வளையத்திலிருந்து கோட்டின் தூரம் நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. அந்தத் தூரம் பந்தை நடத்தும் குட்டையான ஆட்டக்காரர்களான கார்டுகளுக்கு உரியது, சென்டரின் இடம் வளையத்தடி என்பதுதான் வழக்கம். 80-களில் டெட்ராய்ட்டின் பில் லாம்பீர் வெளியே வந்து எறிந்தார். 2011-ல் 7 அடி ஃபார்வர்டு (சென்டருக்கு அடுத்த உயரமான இடம்) டர்க் நொவிட்ஸ்கி வளையத்தை விட்டுத் தள்ளி நின்று எறிந்து டல்லாஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இருந்தும் அவர்களை விதிவிலக்காகவே பார்த்தார்கள்.

பிறகு 2015 இறுதித் தொடர் வந்தது. 1-2 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட், நான்காவது ஆட்டத்தில் தன் 7 அடி சென்டரை முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, குட்டையான, வேகமான ஐந்து பேரோடு இறங்கியது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கியது. அதற்கப்புறம் பல அணிகளில் ஒரே கேள்வி: மெதுவாக ஓடும் உயரமான ஆள் இனித் தேவையா? நம் சென்டர் மெதுவாக ஓடுபவர். அப்போது அவருக்கு 27 வயது.

2016-ல் கவனித்தவை

அந்த ஆண்டு புரூக்ளினில் நிர்வாகமும் மாறியது, தலைமைப் பயிற்சியாளரும் மாறினார். கையில் பெரிய நட்சத்திரங்கள் இல்லை, சென்டர் மட்டும் இருந்தார். அவரிடம் கண்ணுக்குத் தெரிந்தும் யாரும் பயன்படுத்தாத இரண்டு விஷயங்கள் இருந்தன.

முதலாவது கை. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 10-க்கு ஏறக்குறைய 8 போடுபவர். நடுத்தூரத்திலிருந்து எறிந்தாலும் பந்து மெதுவாகத்தான் இறங்கும். 31-க்கு 3 என்ற எண்ணை வைத்து 'இவருக்கு த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) வராது' என்று சொல்வது தவறு. அந்த 31-ல் பல, நேரம் முடியும் அவசரத்தில் எறிந்தவை. முயன்று தோற்றவரும் முயலாதவரும் எண்ணில் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஃப்ரீ த்ரோ கணக்குதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். அங்கே யாரும் மறிக்கவில்லை, அவசரமில்லை, கை மட்டும்தான் பேசுகிறது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நுட்பமானது. சென்டர் வளையத்தருகே நின்றால் அவரைக் காக்கும் எதிரணி சென்டரும் அங்கேயே நிற்பார். 2001-லிருந்து என்பிஏவில் ஒரு விதி உண்டு. தற்காப்பு ஆட்டக்காரர், கை எட்டும் தூரத்தில் ஒருவரைக் காக்காமல், வளையத்தடியில் வண்ணம் பூசிய கட்டமான பெயிண்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. அதாவது நம் ஆள் உள்ளே நிற்கும்போது, எதிரணியின் மிக உயரமான காவலாளி வளையத்தடியில் நிற்க நாமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். நம் ஆள் கோட்டுக்கு வெளியே போனால் அந்தச் சீட்டு செல்லாது. காவலாளியும் கூடவே வெளியே வரவேண்டும், இல்லையென்றால் மூன்று நொடிக்கொரு முறை உள்ளே வெளியே என்று அலையவேண்டும். ஆனால் அவர் வெளியே வருவது எப்போது? நம் ஆள் எறிவார், எறிந்தால் விழும் என்ற பயம் இருந்தால்தான்.

முதல் முடிவு: புரூக்ளின், 2016-17

புதிய பயிற்சியாளர் அவரை வெளியே அனுப்பினார். ஒரே சீசனில் 387 த்ரீ எறிந்தார். 134 விழுந்தன, 34.6%. ஆட்டத்துக்கு 20.5 புள்ளி. எட்டு ஆண்டுகளில் 3 போட்டவர் ஒரே ஆண்டில் 134 போட்டார்.

கணக்கைப் பார்ப்போம். 34.6% விழும் த்ரீ ஒன்றின் மதிப்பு சுமார் 1.04 புள்ளி. இரண்டு புள்ளி ஷாட்டில் அதே மதிப்பு வேண்டுமானால் 52% விழவேண்டும். இரண்டு பேர் மேலே விழுந்து மறிக்க, முதுகு காட்டி நின்று 52% போடுவது மிகச் சிலருக்கே கைகூடும்.

ஆனாலும் புரூக்ளின் அந்த சீசனில் 20 வென்று 62 தோற்றது. லீக்கிலேயே கடைசி இடம். இதைக் காட்டி 'பார், சென்டர் த்ரீ எறிந்து என்ன ஆயிற்று' என்று அன்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. சென்டர் வெளியே நின்று வளையத்தடியைக் காலி செய்து கொடுத்தார். காலியான இடத்துக்குள் புகுந்து அதைப் புள்ளியாக மாற்றும் பலசாலி அந்த அணியில் இல்லை. கதவைத் திறந்து வைத்தாயிற்று, உள்ளே போக ஆள் இல்லை.

சந்தை போட்ட விலை

2017 ஜூனில் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே ஓராண்டு. த்ரீ 34.5%, புள்ளி 13.0. அந்த ஆண்டு அவர் சம்பளம் 2.2 கோடி டாலருக்கு மேல். 2018 கோடையில் ஒப்பந்தம் முடிந்தபோது மில்வாக்கி பக்ஸ் அவரை ஓராண்டுக்கு எடுத்தது. தொகை சுமார் 33.8 லட்சம் டாலர்.

இந்த விலைச் சரிவைத்தான் நான் பல முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடையில் பல அணிகளிடம் சம்பள உச்சவரம்புக்குள் செலவழிக்க இடமில்லை என்பது உண்மை. ஆனால் 34% த்ரீ போடும் 7 அடி சென்டரை லீக்கில் பாதிப்பேர் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டாமா? அவர் கணக்கில் ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) குறைவாக இருந்தது, கால் மெதுவாக இருந்தது. எறியும் சென்டர் என்றால் தற்காப்பில் ஓட்டை என்று பொதுவாக ஓர் எண்ணமும் இருந்தது. இவர் விஷயத்தில் அது பொய் என்பதை யாரும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது முடிவு: மில்வாக்கி, 2018-19

மில்வாக்கியில் நிலைமை புரூக்ளினுக்கு நேர் எதிர். அங்கே ஒரு கிரேக்க ஃபார்வர்டு இருந்தார். நான்கே எட்டில் அரைக்களத்தைத் தாண்டி வளையத்துக்குப் போய்விடும் ஆள். ஆனால் தூரத்திலிருந்து எறிவதில் பலவீனம். எதிரணிகள் அவரை விட்டு விலகிப் பின்னால் போய், வளையத்தடியில் சுவர் எழுப்பி நிற்கும். முந்தைய சீசனில் மில்வாக்கியின் வழக்கமான சென்டரும் வளையத்தருகே நிற்பவர் என்பதால் அந்தச் சுவரில் கூடுதலாக ஒரு செங்கல். அணி 44 வென்று 38 தோற்று, கோப்பைக்கான பிளேஆஃபில் முதல் சுற்றோடு வெளியேறியது.

இங்கே உள்ளே போக ஆள் தயார், கதவுதான் மூடியிருந்தது.

புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் பயிற்சிக் களத்தில் கோட்டுக்கு வெளியே ஐந்து இடங்களில் டேப் ஒட்டிக் கட்டங்கள் போட்டார். ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டத்தில் நிற்கவேண்டும். சென்டருக்கும் ஒரு கட்டம். சொல்லிச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தரையில் காட்டிவிடுவது மேல் என்று நினைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

சென்டர் அந்தக் கட்டத்தையும் தாண்டி நின்றார். கோட்டுக்குப் பல அடி பின்னால் நின்றே பந்தை வாங்கி எறிந்தார். தொலைவு கூடினால் விழும் விகிதம் குறையாதா என்று கேட்கலாம். கொஞ்சம் குறையும். ஆனால் காவலாளி அத்தனை அடி கூடுதலாக வெளியே வரவேண்டும். அங்கிருந்து அவர் வளையத்துக்குத் திரும்பி ஓடுவதற்குள் கிரேக்கர் வேலையை முடித்திருப்பார்.

அவருடைய மெதுவான காலும் ஒரு வகையில் உதவியாக மாறியது. அணி வேகமாகத் திரும்பித் தாக்கும்போது அவர் கடைசியாகத்தான் வந்து சேருவார். அதற்குள் எதிரணி முழுவதும் கிரேக்கரைத் தடுக்க வளையத்தடிக்கு ஓடிப்போயிருக்கும். பின்னால் வரும் சென்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்பார். பந்து வெளியே வரும், எறிவார். வேகமான சென்டராக இருந்திருந்தால் அவரும் முன்னால் ஓடி நெரிசலில் மாட்டியிருப்பார்.

நவம்பர் 2018

ஒரே மாதத்தில் நடந்த இரண்டு ஆட்டங்கள். டென்வரில் 13 த்ரீ எறிந்து 8 போட்டார், அணி வென்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பலவீனமான ஃபீனிக்ஸுக்கு எதிராகச் சொந்தக் களத்தில் 12 எறிந்தார். ஒன்றுகூட விழவில்லை. அணி இரண்டு புள்ளியில் தோற்றது. அந்த 12-ல் ஒன்று விழுந்திருந்தாலே முடிவு மாறியிருக்கலாம்.

அடுத்த நாள் ஒரு பயிற்சியாளர் என்ன செய்வார்? 'சரி, கொஞ்ச நாள் உள்ளே நின்று ஆடு' என்று சொல்வதுதான் மனித இயல்பு. இங்கே எறிவதைக் குறைக்கவே இல்லை. சீசன் முடியும்போது அவர் 81 ஆட்டங்களில் 512 த்ரீ எறிந்திருந்தார். 187 விழுந்தன, 36.5%.

இந்த நிகழ்வின் திருப்புமுனை என்று நான் கருதுவது டென்வர் ஆட்டம் இல்லை, ஃபீனிக்ஸ் ஆட்டம். எறியும் உரிமையை ஒரு தோல்விக்காகப் பறித்தால் அடுத்த ஆட்டத்தில் ஆள் தயங்குவார். தயங்குவது தெரிந்தால் காவலாளி வெளியே வரமாட்டார். அவர் வராவிட்டால் கிரேக்கருக்கு வழி அடைபடும். ஆக, 12-ம் தவறினாலும் அந்த 12 எறிதல்களும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. இதைப் பயிற்சியாளர் நம்பினார். அதைவிட முக்கியம், தான் நம்புகிறார் என்பதை ஆட்டக்காரருக்குத் தெரியும்படி நடந்துகொண்டார்.

பதிவில் தெரியாத ரீபவுண்ட்

அந்த சீசனில் சென்டரின் ரீபவுண்ட் ஆட்டத்துக்கு 4.9 மட்டும். 7 அடி ஆளுக்கு இது மோசமான எண். ஆனால் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் எடுத்த அணி மில்வாக்கி. ஷாட் மேலே போனதும் சென்டர் பந்தைப் பார்க்கமாட்டார். எதிரணியின் மிகப் பெரிய ஆளை முதுகால் மறித்துத் தள்ளிக்கொண்டு நிற்பார். பந்து சக வீரர் கைக்குப் போகும், எண்ணும் அவர் பெயரில் ஏறும்.

தற்காப்பிலும் இதே கதைதான். கார்டுகளை விரட்டிக்கொண்டு வெளியே ஓடும் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. வளையத்தடியில் பின்வாங்கி நிற்கச் சொன்னார்கள். ஆட்டத்துக்கு 2.2 பிளாக் (எதிரணி ஷாட்டைக் கையால் தடுப்பது). அணி லீக்கின் தலைசிறந்த தற்காப்போடு 60 வென்று 22 தோற்றது. கிரேக்கர் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். சென்டரின் சொந்தக் கணக்கில் 12.5 புள்ளிதான், புரூக்ளின் காலத்தைவிட 8 குறைவு.

தாக்கும்போது எதிரணி சென்டரை வளையத்திலிருந்து இழுத்துப் போவது, தற்காக்கும்போது தான் வளையத்தை விடாமல் நிற்பது. இந்த இரண்டையும் ஒரே உடம்பு செய்யும்போதுதான் எறியும் சென்டருக்கு முழு மதிப்பு. எறிய மட்டும் தெரிந்த உயரமான ஆளை வைத்துக்கொண்டால், அந்தப் பக்கம் திறந்த கதவை இந்தப் பக்கமும் திறந்துவிட்டது போல ஆகும்.

விலை ஏறியபோது

கிழக்குப் பிரிவு இறுதியில் டொராண்டோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 29 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுத்து வெற்றிக்குக் காரணமானார். அணி 2-0 என்று முன்னிலை பெற்றது. பிறகு நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. டொராண்டோவிடமும் எறியத் தெரிந்த ஒரு சென்டர் இருந்தார். நம் ஆள் மற்றவர்களுக்குச் செய்ததை அவர் நம் ஆளுக்குச் செய்தார்.

2019 ஜூலையில் மில்வாக்கி அவரை நான்கு ஆண்டுக்கு 5.2 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்தது. இங்கே ஒரு சிக்கல். சொந்த வீரரைச் சம்பள உச்சவரம்பைத் தாண்டியும் தக்கவைக்கும் சலுகை, அவர் சில ஆண்டுகள் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் பயனுள்ள அளவில் கிடைக்கும். இவர் இருந்தது ஒரே ஆண்டு. அதனால் உச்சவரம்புக்குள் இடம் ஒதுக்கித்தான் அவருக்குக் கொடுக்க முடிந்தது. அதே கோடையில், த்ரீயில் 42.6% போட்ட ஓர் அருமையான கார்டு நான்கு ஆண்டு, 8.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இண்டியானாவுக்குப் போனார். சென்டர் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன், சம்பளச் செலவு எல்லை மீறினால் அணி கட்டும் ஆடம்பர வரிச் சுமையும் இருந்தது. ஆனால் 33.8 லட்சத்துக்குக் கிடைத்த லாபத்தின் மீதிப் பணத்தை அந்தக் கோடையில் கட்டவேண்டி வந்தது.

சதவீதம் சரிந்த பின்

2019-20-ல் அவருடைய த்ரீ 31.4%-க்கு இறங்கியது. ஒரு ஷாட்டுக்கு 0.94 புள்ளி. ஷாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நஷ்டம். அணி அப்போதும் லீக்கில் முதலிடம், 56 வெற்றி 17 தோல்வி. ஆனால் பிளேஆஃபில் இரண்டாவது சுற்றிலேயே மியாமியிடம் 4-1 என்று விழுந்தது.

அடுத்த ஆண்டு பயிற்சியாளர் தன் ஐந்து கட்டத் திட்டத்தைத் தானே தளர்த்தினார். ஐவரில் ஒருவர் வளையத்தின் பக்கவாட்டில், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கத் தொடங்கினார். பல நேரம் அது சென்டர்தான். த்ரீ 33.8%, எறிந்தது குறைவு. 2021-ல் அட்லாண்டாவுக்கு எதிரான கிழக்கு இறுதியின் நான்காவது ஆட்டத்தில் கிரேக்கரின் முழங்கால் பின்னுக்கு மடங்கியது. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லை. திறந்து வைக்கும் கதவு வழியே போக ஆளே இல்லாத அதே புரூக்ளின் நிலைமை.

அன்று சென்டர் 33 புள்ளி எடுத்தார். 18 எறிந்து 14 போட்டார், பெரும்பாலானவை வளையத்தை ஒட்டியவை. எட்டு ஆண்டுகள் ஆடிய பழைய ஆட்டம் கையை விட்டுப் போகவில்லை. மில்வாக்கி வென்றது, அந்த மாதமே கோப்பையையும் வென்றது, 1971-க்குப் பிறகு முதல் முறையாக.

2021 டிசம்பரில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததால் அந்த சீசனில் 13 ஆட்டம்தான். திரும்பி வந்த 2022-23-ல் 37.4% த்ரீ போட்டார், 193 பிளாக் செய்து லீக்கில் முதலிடம் பிடித்தார். அந்த சீசனின் பெரும்பகுதியில் அவருக்கு வயது 34.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

எட்டு ஆண்டுக் காத்திருப்பை முதலில் மாற்றுவேன். ஃப்ரீ த்ரோவில் 75%-க்கு மேல் போடும் எந்த சென்டரையும் முதல் ஆண்டிலேயே கோட்டுக்கு வெளியே நிறுத்தி, ஒரு முழு சீசன் எறியவிட்டுப் பார்ப்பேன். பத்து ஆட்டம் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். 12-க்கு 0 வரும் ராத்திரி எப்படியும் ஒன்று வரும்.

2018 ஒப்பந்தத்தில், உச்சவரம்பைத் தாண்டியும் சிறு தொகைக்கு ஆள் எடுக்க மில்வாக்கி பயன்படுத்திய அதே விதிவிலக்கின்கீழ் இரண்டு ஆண்டு வரை கொடுக்க விதி இடம் தருகிறது. இரண்டாவது ஆண்டைக் கேட்டுப் பார்த்திருப்பேன். சென்டர் மறுத்திருக்கலாம், தன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருக்கும். ஒப்புக்கொண்டிருந்தால் 2019 கோடையில் கார்டைப் பற்றி மட்டும் யோசித்திருக்கலாம்.

புரூக்ளினைப் பொறுத்தவரை சென்டரை வெளியே அனுப்பியது சரியான முடிவுதான். ஆனால் ஆட்டத்துக்கு நான்கைந்து முறையாவது அவரைப் பழைய இடத்தில், வளையத்துக்கு முதுகு காட்டி நிறுத்தும் திட்டத்தை எழுதி வைத்திருப்பேன். மில்வாக்கி அதை 2020-21-ல்தான் கண்டுபிடித்தது. அட்லாண்டாவுக்கு எதிரான அந்த ஐந்தாவது ஆட்டம் வந்தபோது அது தயாராக இருந்தது.